பதினாறு லிட்டர் செவலையும் ஏழு லிட்டர் மகளும்

கொசுவத்தி சுத்துற பதிவு இது. கொஞ்சம் நீளமும்கூட. மாடு, பால், சாணி வாசம் எல்லாம் ஆகாதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம். நடுவுல கணக்கு வேற வரும். பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் பெருக்கல்தான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில ரெண்டாம் வருஷம் படிக்குது. லீவுக்கு அம்மாயி வீட்டுக்கு, அதாவது எங்க வீட்டுக்கு, வந்திருந்துச்சு. திண்ணையில ஒரு தடிப் புத்தகத்தைக் குப்புறக் கவுத்து வச்சுட்டு உள்ள போயிருந்தது. சும்மா எடுத்துப் புரட்டினேன். எடின்பரோவுல இருந்த டக்ளஸ் ஃபால்கனர் 1960-ல எழுதின புத்தகம். அளவுசார் மரபியலுக்கு ஓர் அறிமுகம்னு தலைப்பைத் தமிழ்ல சொல்லலாம். முதல் ரெண்டு பக்கத்துலயே கிரேக்க எழுத்தெல்லாம் வந்து பயமுறுத்துச்சு. மூடி வச்சிருப்பேன். கண்ணுல பட்ட ஒரு படம்தான் விடலை. ஒரு பக்கம் அப்பா அம்மா உயரம், இன்னொரு பக்கம் பிள்ளைங்க உயரம், நடுவுல சாய்வா ஒரு கோடு.

"என்ன இது, தாயைப் போல பிள்ளை நூலைப் போல சேலையா?"ன்னு கேட்டேன்.

"இல்ல மாமா. தாயைப் போல பிள்ளை கொஞ்சம்தான்னு சொல்ற படம்"னு சிரிச்சுது.

எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா அந்தப் பழமொழியை நம்பித்தான் எங்க வீட்டுல ஒரு சங்கிலி போச்சு.

1998-ல, ஈரோடு கருங்கல்பாளையம் சந்தை. வியாழக்கிழமை. அப்பாவும் அப்பாருவும் (அப்பாவோட அப்பா) மாடு பிடிக்கப் போனப்ப நானும் வால் புடிச்சுக்கிட்டுப் போயிருந்தேன். எனக்குப் பதினொரு வயசு. துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் புடிச்சு விலை பேசுறதை வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னேன். அப்பாரு சுழி பாத்தார், மடி பாத்தார், பல்லைப் புடிச்சுப் பாத்தார். கடைசியா ஒரு ஜெர்சி கலப்பு. செவலை நிறம், ரெண்டாம் ஈத்து சினை. "நல்ல சாதி மாடு, சுழி சுத்தம்"னு அப்பாரு சொல்லிட்டார்னா அப்பீலே கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அதுக்குப் பேரும் செவலைன்னே ஆயிடுச்சு. பேர் வைக்கிறதுல எங்க குடும்பம் அவ்வளவு கற்பனை வளம். :-)

2000-ல மூணாம் ஈத்து. அந்த வருஷம் கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி நல்லா வந்துச்சு. எங்க காடு கடைமடைப் பக்கம், எங்களுக்கே தண்ணி எட்டுச்சுன்னா பாத்துக்குங்க. வரப்பு பூரா புல்லு. அம்மா காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு பருத்திக்கொட்டை ஆட்டி, தவிடு கலக்கி வச்சு, வெதுவெதுப்பான தண்ணியில மடி கழுவிக் கறப்பாங்க. காலையில ஒன்பது, சாயந்தரம் ஏழு. மொத்தம் பதினாறு லிட்டர்! எங்க வளவுல யார் வீட்டுலயும் கலப்பு மாடு எட்டு, ஒன்பதைத் தாண்டினது இல்லை. சொசைட்டியில ஊத்துறவங்க எல்லாம் வேடிக்கை பாக்க வருவாங்க. அப்பாரு கட்டில்ல உக்காந்து சுழி சாஸ்திரம் வகுப்பெடுப்பார்.

அந்த ஈத்துல பொறந்தது கிடேரிக் கன்னு. அச்சு அசல் அம்மா நிறம். சின்னச் செவலை.

2002 கடைசியில சின்னச் செவலை தலைச்சன் சினை. ஒரு வியாபாரி வீட்டுக்கே வந்து பதினோராயிரம் கொடுக்கறேன்னார். செவலையோட மகள்ங்கறதுக்காகவே அந்த விலை. அப்ப அக்காவுக்கு அடுத்த வருஷம் நர்சிங் சேக்கப் பணம் வேணும். அப்பா கொடுத்துடலாம்னார். அம்மாதான் ஒத்துக்கலை. "தாயைப் போலத்தானுங் பிள்ளை. இது பதினாறு கறந்துச்சுன்னா ஒரே வருஷத்துல பீஸைக் கட்டிப் போடலாமுங்"னு சொன்னாங்க. அப்பாருவும் ஆமான்னுதான் சொன்னார். அதை அப்பறம் யாரும் ஞாபகம் வச்சுக்கலை.

2003 பிப்ரவரியில ஈனுச்சு. பத்து நாள், இருபது நாள், ஒரு மாசம். நல்ல கறவையிலயே ஏழு லிட்டர். அதுக்கு மேல ஒரு டம்ளர்கூட ஏறலை.

அக்கா பீஸுக்கு அம்மா சங்கிலி அடகுக்குப் போச்சு. பாலு வித்து மீட்டுக்கலாம்னு நெனச்சது நடக்கலை. வட்டி ஏறி ஏறி, கடைசியில ஏலத்துக்கே போயிடுச்சு. அதுகூடப் பரவாயில்லை. அப்பாரு ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டே, யாரையும் பாக்காம, "கைராசின்னு ஒண்ணு இருக்குதல்ல"ன்னார். அம்மா குழம்பு ஊத்திக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்பறம் எங்க தொழுவத்துல எந்த மாடு ஈனுனாலும் சீம்பால் கறக்கப் பக்கத்துத் தெருவுல இருந்து சித்தியைக் கூட்டிட்டு வருவாங்க. அம்மா பாத்திரத்தைக் கழுவி எடுத்துக் கொடுத்துட்டு ஓரமா நிப்பாங்க. மறுநாள்ல இருந்து கறக்கறது என்னவோ அம்மாதான். அப்பாரு இருந்த வரைக்கும் இதான் வழக்கம். அவர் போன பிறகும் பழக்கதோஷத்துல தொடர்ந்துச்சு.

சரி, கொசுவத்தி போதும். இதை எல்லாம் அக்கா பொண்ணுகிட்ட சொன்னேன். அதுக்கும் பாதிக் கதைதான் தெரியும். கேட்டுட்டு, "மாமா, அந்தப் பால் கணக்கு எதாவது இருக்குதா?"ன்னுச்சு.

எங்க இருக்கப் போகுதுன்னு நெனச்சேன். அம்மா ஒண்ணும் பேசாம உள்ள போய் டிரங்குப் பெட்டியில இருந்து பழைய பால் நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. நாலு நோட்டு, ரப்பர் பேண்டு போட்டு. சொசைட்டிக்கு ஊத்துனது நேர்ல, வீட்டுக்கு எடுத்தது ஓரத்துல பென்சில்ல. இத்தனை வருஷமா எதுக்கும்மா வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். "இருக்கட்டும்னுதான்."

இனி கணக்கு. அது சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். துறை சார்ந்த நண்பர்கள் தப்பு இருந்தா கொட்டலாம்.

பள்ளிக்கூடத்துல மெண்டல், பட்டாணின்னு படிச்சோமே, அது நெட்டை இல்லாட்டிக் குட்டை. நடுவுல ஒண்ணும் கிடையாது. மாட்டுல கொம்பு முளைக்குமா முளைக்காதாங்கறது பெரும்பாலும் அப்படித்தான், ஒரு மரபணு தீர்மானிச்சுடும். ஆனா பால் அப்படி இல்லை. ஏழு, ஏழரை, எட்டேகால், பதினாறுன்னு எந்த அளவுல வேணா இருக்கும். எடை, உயரம், பாலோட கொழுப்பு எல்லாமே இந்த ரகம். இதுக்குப் பின்னாடி ஒண்ணு ரெண்டு இல்லை, ஆயிரக்கணக்குல மரபணுக்கள். ஒவ்வொண்ணும் ஒரு கரண்டி கூட்டும், ஒரு கரண்டி குறைக்கும். அதுக்கு மேல தீவனம், தண்ணி, வெயில், நோய், கறக்கற கை. எல்லாம் சேந்து குவளையில விழறதுதான் நாம பாக்கற லிட்டர். மெண்டல் கட்சிக்கும் அளவெடுக்கற கட்சிக்கும் இதுல பெரிய சண்டையே நடந்திருக்கு. பல மெண்டல் மரபணுக்கள் சேந்தா இந்த மாதிரி தொடர்ச்சியான அளவு வரும்னு கணக்குப் போட்டு ரெண்டு கட்சியையும் சமாதானப்படுத்தினது 1918-ல ரொனால்ட் ஃபிஷர்.

அப்ப ஒரு மாடு ஊர் சராசரியை விட எட்டு லிட்டர் அதிகமா கறந்தா, அந்த எட்டுல எவ்வளவு ரத்தத்துல இருக்கு, எவ்வளவு அந்த வருஷத்து அதிர்ஷ்டம்? இதுக்குத்தான் ஒரு எண் வச்சிருக்காங்க. பரம்பரைப் பங்குன்னு சொல்லிக்கலாம். கறவை மாட்டுல ஒரு ஈத்துப் பாலுக்கு அது சுமாரா நூத்துக்கு முப்பது. (ஒரு மாட்டோட பால்ல முப்பது சதவீதம் மரபணு கொடுத்ததுன்னு அர்த்தம் இல்லையாம். மாட்டுக்கு மாடு இருக்கற வித்தியாசத்துல முப்பது சதவீதம் மரபணுவால வருதுன்னு அர்த்தம். நான் முதல்ல தப்பாத்தான் புரிஞ்சுக்கிட்டேன், மண்டையில ஒரு கொட்டு வாங்கினேன்.)

பென்சிலை எடுத்துச்சு. நோட்டோட கடைசிப் பக்கத்துலயே போட்டுச்சு.

செவலை பதினாறு. வளவுல மத்த கலப்பு மாடுங்க எவ்வளவுன்னு அம்மாகிட்ட கேட்டுச்சு. அம்மா வீடு வீடா விரல் விட்டுச் சொன்னாங்க. மேலத் தோட்டத்து மாடு ஒன்பது, டீக்கடைக்காரர் மாடு ஏழு, இப்படியே. எட்டுன்னு வச்சுக்கலாம்னு முடிவாச்சு. ஆக, செவலைகிட்ட அதிகம் இருந்தது எட்டு லிட்டர். அதுல முப்பது சதவீதம்னா 2.4. அதுதான் அது ரத்தத்துல நிஜமாவே இருக்கறதா நாம நம்பலாம். அதையும் மொத்தமா மகளுக்குக் கொடுக்க முடியாது. கன்னுக்குப் பாதி அம்மாகிட்ட இருந்து, பாதி அப்பன்கிட்ட இருந்து. அப்ப 1.2. அப்பன் சுமாரான காளைன்னு வச்சுக்கிட்டா, சின்னச் செவலைகிட்ட எதிர்பாக்க வேண்டியது எட்டும் 1.2-ம், 9.2 லிட்டர்.

பதினாறு இல்லை. ஒன்பது சொச்சம்!

"இன்னும் இருக்கு மாமா. அம்மாயி ஒப்பிட்டது செவலையோட மூணாம் ஈத்தை. சின்னச் செவலையோடது தலைச்சன் ஈத்து." தலைச்சன்ல மாடு இன்னும் வளர்ந்துக்கிட்டு இருக்கும். தின்னறதுல ஒரு பங்கு உடம்புக்குப் போயிடும். முழு வளர்ச்சி அடைஞ்சு கறக்கறதுல முக்கால் பாகம்தான் அப்பக் கறக்குமாம். பண்ணைக் கணக்கு எழுதறவங்க இதைச் சரிக்கட்டித்தான் ஒப்பிடுவாங்க. 9.2-ல முக்கால், 6.9.

சின்னச் செவலை கறந்தது ஏழு.

ரெண்டு பேரும் நோட்டையே பாத்துக்கிட்டு இருந்தோம். "இவ்வளவு சரியா வர்றது தற்செயல் மாமா. ஒத்த மாட்டுக்கு இந்தக் கணக்கு ரெண்டு மூணு லிட்டர் மேலயும் போகும், கீழயும் போகும். ஒரே அம்மா அப்பாவுக்குப் பொறந்த கன்னுகளே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, சீட்டுக் குலுக்கற மாதிரிதான்"னுச்சு. அப்பறம் அதுவே, "2003 மழையே இல்லாத வருஷம்னுதான சொன்னீங்க? அப்ப ஏழே ஜாஸ்தி. அது நல்ல மாடு"ன்னுச்சு.

அந்த வருஷம் எனக்கும் ஞாபகம் இருக்கு. வாய்க்கால் காஞ்சு கிடந்துச்சு. சோளத்தட்டு வெலைக்கு வாங்கினோம். பருத்திக்கொட்டை பாதியாயிடுச்சு. அம்மா தன் பங்குக் கஞ்சித்தண்ணியையும் தாழியிலதான் ஊத்துவாங்க.

எனக்குக் கோவம் வந்தது கணக்கு மேல இல்லை. பதினாறு கறந்தப்பவும் கறந்தது அம்மா கைதான். அப்ப அது மாட்டோட சாதி, அப்பாருவோட சுழி. ஏழு கறந்தப்ப மட்டும் அது அம்மாவோட கை. செவலையே நாலாம் ஈத்துல பதிமூணுக்கு எறங்குச்சு, நோட்டுல இருக்கு. அப்பக் கண்ணு பட்டுடுச்சுன்னு மொளகா சுத்திப் போட்டாங்க. உச்சத்துல இருக்கறப்ப அளந்தா, அடுத்த தடவை அளக்கறப்ப சராசரிப் பக்கமா எறங்கித்தான் இருக்கும். உச்சத்துக்குக் கொண்டுபோன அதிர்ஷ்டம் எல்லாம் மறுபடி ஒண்ணா வராது. 1886-லயே ஃபிரான்சிஸ் கால்டன் இங்கிலாந்துல 205 ஜோடி அப்பா அம்மா, அவங்களோட 928 வளர்ந்த பிள்ளைங்கன்னு உயரத்தை வச்சு இதை எழுதிட்டார். ரொம்ப நெட்டையானவங்க பிள்ளைங்க நெட்டைதான், ஆனா அவ்வளவு நெட்டை இல்லை. நான் பாத்த அந்தச் சாய்வுக் கோடு இவர் வழியில வந்ததுதான்.

அப்பனைச் சுமாரான காளைன்னு வச்சுக்கிட்டோமில்ல, அங்கதான் எனக்கு அடுத்த சந்தேகம். சின்னச் செவலையோட அப்பன் யாரு? சினை ஊசி போட வந்தவர் ஒரு குழாயில இருந்து வைக்கோல் தண்டு மாதிரி ஒண்ணை எடுத்தார், போட்டார், காசு வாங்கிட்டுப் போயிட்டார். அந்தத் தண்டுல காளையோட எண் அச்சடிச்சிருக்கும். யாரும் கேக்கலை. அம்மா மாட்டோட சுழி, பல்லு, மடி, நடை எல்லாம் பாத்த அப்பாரு, பாதி ரத்தம் கொடுக்கற அப்பனைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கேட்டாலும் என்ன தெரியும்? காளை பால் கறக்காது. அங்கதான் விஷயமே சுவாரசியமாகுது. காளையை அளக்க அதோட மகள்களை அளக்கணும். பல பண்ணைக்கு ஊசியை அனுப்பி, கன்னு பொறந்து, வளர்ந்து, ஈனி, கறந்து, எழுதி முடிக்கறதுக்குள்ள காளைக்கு அஞ்சாறு வயசாயிடும். ஆனா அந்தப் பொறுமைக்கு ஒரு லாபம் இருக்கு. ஒரு மகள் நல்ல வாய்க்கால் காட்டுல இருப்பா, இன்னொருத்தி வறண்ட காட்டுல. ஒருத்தியை எங்கம்மா மாதிரி யாராவது பாப்பாங்க, இன்னொருத்தியை என்னை மாதிரி சோம்பேறி பாப்பான். அம்பது மகள்களோட சராசரி எடுத்தா இந்த ஏத்த எறக்கம் எல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும், மிஞ்சறது அப்பனோட பங்கு. கணக்குப்படி, ஒரு மாட்டோட ரத்தத்தைப் பத்தி அதோட சொந்த ஒரு ஈத்துப் பால் சொல்றது நூத்துக்கு முப்பது மார்க் அளவுக்கு. காளைக்கு அஞ்சு மகள்கள் இருந்தா ஏறக்குறைய அதே அளவு தெரிஞ்சுடும். அம்பது மகள்கள்னா எம்பது மார்க். தினமும் ரெண்டு வேளை மடியைத் தொட்டுக் கறக்கற மாட்டை விட, கண்ணால பாக்காத ஒரு காளையைப் பத்தி நமக்கு அதிகம் தெரிஞ்சிருக்கலாம். இதைக் கேட்டுட்டு நான் ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன்.

இந்த மாதிரி கணக்கை எல்லாம் மாட்டுத் தொழுவத்துக்குக் கொண்டுவந்ததுல பெரிய பேர் அமெரிக்காவுல அயோவாவுல இருந்த ஜே லஷ். 1937-ல புத்தகமே போட்டார். அப்பறம் கார்னெல்ல சார்லஸ் ஹெண்டர்சன், பண்ணையோட பங்கு எவ்வளவு, மாட்டோட பங்கு எவ்வளவுன்னு ஒரே நேரத்துல பிரிச்செடுக்கற கணக்கைக் கொடுத்தார். எங்க அப்பாருவுக்குத் தேவைப்பட்டது இவரோட கணக்குதான்!

விளைவு சாதாரணம் இல்லை. 1950-ல அமெரிக்காவுல ஒரு மாடு வருஷத்துக்குச் சராசரியா 2,400 கிலோ பால் கொடுத்துச்சு. இப்ப பத்தாயிரத்தைத் தாண்டியாச்சு. தீவனம், வைத்தியம், வளர்ப்பு எல்லாம் ஒரு பங்கு, தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினது ஏறக்குறையப் பாதிப் பங்கு.

ஆனா காளை தெரிஞ்சுட்டா அதையே எல்லாரும் கேப்பாங்க. ஒரே காளையோட ஊசி உலகம் பூரா போகும். அதுல ஒரு வினை இருக்கு. 1962-ல நெப்ராஸ்காவுல பொறந்த ஒரு ஹோல்ஸ்டீன் காளை, பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப். (காளைக்கு இவ்வளவு நீளப் பேர். நாங்க செவலைன்னு வச்சோம்.) பதினாறாயிரம் மகள்கள், அஞ்சு லட்சம் பேத்திகள். அமெரிக்க ஹோல்ஸ்டீன் மாடுங்களோட மரபணுத் தொகுதியில சுமார் பதினாலு சதவீதம் இந்த ஒத்தைக் காளையோடது. பால் கொட்டுச்சு. ஆனா அதுகிட்ட ஒரு மரபணுவுல ஒரு சின்னப் பிழையும் இருந்துச்சு. அந்தப் பிழை அப்பன் வழியிலயும் அம்மா வழியிலயும் சேந்து வந்தா கன்னு வயித்துலயே செத்துடும். முப்பது நாப்பது வருஷமா யாருக்கும் தெரியலை, சினை கலையறது சகஜம்தானேன்னு விட்டுட்டாங்க. 2016-ல வந்த ஆய்வு, இதனால உலகம் முழுக்க அஞ்சு லட்சத்துக்கு மேல கன்னுங்க கலைஞ்சிருக்கும்னு மதிப்பிட்டுது. நஷ்டம் 42 கோடி டாலர். அந்தக் காளையால பால்ல கெடைச்ச லாபம் 3,000 கோடி டாலர். கணக்குப் பாத்தா லாபம்தான். ஆனா அந்த அஞ்சு லட்சத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு தொழுவத்துல யாராவது ஒருத்தர் தன் ராசியை நொந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுச்சு.

இன்னொண்ணு. பாலை மட்டும் பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுத்ததுல, சினை நிக்கறது வருஷா வருஷம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அதிகம் கறக்க வைக்கற மரபணுக்கள்ல சிலது சினைப் புடிக்கறதைக் கெடுக்கும். ஒண்ணை இழுத்தா இன்னொண்ணும் கூடவே நகரும். சினை நிக்கறதோட பரம்பரைப் பங்கு நாலு சதவீதம் மாதிரி ரொம்பச் சின்ன எண். அதனால அதைத் தேர்ந்தெடுத்து என்ன பிரயோஜனம்னு ரொம்ப நாள் விட்டுட்டாங்க. அமெரிக்காவுல 2003-லதான் காளைகளுக்கு மகள்களோட சினைப் புடிக்கற திறனையும் மதிப்பெண்ணா போட ஆரம்பிச்சாங்க. சரிவு நின்னு திரும்புச்சு. நாலு சதவீதம்தான்னாலும் ஆயிரக்கணக்கான மகள்களோட கணக்கு கையில இருந்தா அந்த நாலே போதும்.

இதைச் சொல்லிக்கிட்டு இருந்தப்ப அம்மா குறுக்க பேசினாங்க. அதுவரைக்கும் அவரைக்காய் அரிஞ்சுக்கிட்டு சும்மாதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

"செவலைக்கு நாலாம் ஈத்துக்கப்பறம் அஞ்சு ஊசி போட்டும் நிக்கலை. அதைத்தான சந்தைக்கு ஓட்டிட்டுப் போனாங்க. சின்னவ ஏழு ஈத்து ஈனுனா. ஒருக்கா கூட மூணாவது ஊசி போட்டதில்ல. ரெண்டாம் ஈத்துல இருந்து ஒன்பது, பத்துன்னு கறந்தா. மடிநோவு ஒருக்கா வந்ததில்ல."

நோட்டைப் புரட்டினோம். இருந்துச்சு. கடைசி ரெண்டு நோட்டு பூரா சின்னச் செவலைதான். 2012 வரைக்கும். ஏழு ஈத்தையும் கூட்டிப் பாத்தா செவலை எங்க வீட்டுக்குக் கறந்ததை விட ரெண்டு மடங்குக்கும் மேல. நான் நர்சிங் பீஸ்னு சொன்னேனே, அக்காவோட மூணாம் வருஷத்துப் பீஸும், அப்பறம் என்னோட காலேஜ் பஸ் பாஸும் இதுலதான் ஓடியிருக்கு. வீட்டுல ஒருத்தரும் இதைக் கூட்டிப் பாத்ததில்லை. ஏழு லிட்டர் மாடுங்கற பேர்லயே அது செத்தும் போச்சு.

மாடு எத்தனை நாள் தொழுவத்துல நிலைக்கும்ங்கறதையும் ஒரு குணமா அளந்து காளைக்கு மதிப்பெண் போடுறது அமெரிக்காவுல 1994-ல ஆரம்பிச்சுதாம். அம்மா அதுக்குப் பத்து வருஷத்துக்குள்ள ரப்பர் பேண்டு போட்டு ஆரம்பிச்சிருக்காங்க.

இப்ப எல்லாம் வேகமாயிடுச்சு. 2001-ல மூவிசன், ஹேய்ஸ், காடார்டுன்னு மூணு பேர் எழுதின ஒரு கட்டுரை. எந்த மரபணு என்ன செய்யுதுன்னு ஒவ்வொண்ணா தேட வேண்டாம், மரபணுத் தொகுதி முழுக்க ஆயிரக்கணக்கான இடத்துல அடையாளம் வச்சு, எல்லாத்துக்கும் சேத்துக் கணக்குப் போடலாம்னு சொன்னாங்க. 2009-ல அமெரிக்காவுல ஹோல்ஸ்டீனுக்கு அது நடைமுறைக்கே வந்துடுச்சு. கன்னு பொறந்த உடனே நாலு முடியைப் பிடுங்கி அனுப்பினா, மகள்கள் பொறக்கறவரைக்கும் காத்திருக்காம அதோட மதிப்பைச் சொல்லிடலாம். நம்ம நாட்டு மாடுகளுக்கும் 2021-ல ஹைதராபாத்துல இருந்து இண்டிகவ்னு ஒரு சிப் வந்திருக்கு. ஆனா சிப் மட்டும் போதாது. அதுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க லட்சக்கணக்கான மாட்டோட பால் கணக்கு வேணும். ரெண்டு மாடு, மூணு மாடு வச்சிருக்கற வீட்டுல தினப்படி கறவையை யார் எழுதறாங்க? காதுல மஞ்சக் கம்மல் மாட்டி பன்னெண்டு இலக்க எண் கொடுத்தாச்சு. எண்ணுக்குப் பக்கத்துல எழுத ஒண்ணும் இல்லாட்டி அது வெறும் கம்மல்தான்.

(இந்த இடத்துல நான் கொஞ்சம் பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சேன். அக்கா பொண்ணு மொபைலை எடுத்துடுச்சு. உங்களையும் விட்டுடறேன்.)

அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட தனியா கேட்டேன். "அப்பாரு சொன்னதெல்லாம் தப்புன்னு இப்ப கணக்கே சொல்லுதேம்மா, உங்களுக்கு எப்படி இருக்கு?" பெரிசா எதாவது சொல்வாங்கன்னு எதிர்பாத்தேன். "அந்தச் சங்கிலி மூணே கால் பவுனு கண்ணு"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அவரும் பாவம், நல்லது நெனச்சுத்தான் அந்தக் கன்னை வெச்சுக்கச் சொன்னாரு. தப்பாப் போனதும் யாரையாவது சொல்லணுமில்ல"ன்னாங்க. நான் இருந்திருந்தா அவ்வளவு சுலபமா விட்டிருக்க மாட்டேன்.

இப்பத் தொழுவத்துல இருக்கறது சின்னச் செவலையோட பேத்தி வழி. தலைச்சன் சினை, நிறைமாசம். இது எவ்வளவு கறக்கும்னு அம்மா கேட்டாங்க. ஊசி போட்ட அட்டையில காளை எண் இருந்துச்சு, அக்கா பொண்ணு அதை வச்சு என்னென்னமோ பாத்துட்டு, "எட்டுல இருந்து பன்னெண்டுக்குள்ள அம்மாயி"ன்னுச்சு. "இதுக்கா காலேஜ் போற? அது எனக்கே தெரியும்"னாங்க அம்மா.

ஞாயித்துக்கிழமை விடியக்காலம் ஈனுச்சு. காளைக் கன்னு. :-( சித்திக்கு போன் போடட்டுமான்னு அப்பா செல்லைத் தேடிக்கிட்டு இருந்தார். அக்கா பொண்ணு பாத்திரத்தைக் கழுவி எடுத்துட்டு வந்து அம்மா கையிலயே கொடுத்துடுச்சு. அம்மா ஒரு நிமிஷம் அப்பாவைப் பாத்தாங்க. அப்பா செல்லைச் சட்டைப் பையில போட்டுட்டு மாட்டோட தலைக்கயித்தைப் புடிச்சுக்கிட்டார்.

ரெண்டு லிட்டர் டப்பாவுல சீம்பாலை நாட்டுச்சக்கரை, ஏலக்காய் போட்டுக் காய்ச்சிக் கொடுத்துவிட்டாங்க. ஆபீஸ்ல பாதிப் பேருக்கு அது என்னன்னே தெரியலை. மீதியை நானே காலி பண்ணினேன்.